துடைத்து வைத்த போன்

நான் பெங்களூரில் டிஜிட்டல் தடயவியல் படிக்கிறேன். ஆய்வகத்தில் முதலில் சொல்லித் தந்தது, கிடைத்த கருவியில் கை வைக்காதே, அப்படியே ஒரு நகல் எடு, நகலில் வேலை செய் என்பது. அப்பாவின் பாடம் இதற்கு நேர்மாறு. கோலார் தங்கவயலின் இயந்திரத் தொழிற்சாலையில் ஆயுசில் பாதியை லேத் மெஷின் ஓட்டியே கழித்தவர். ஷிப்ட் முடிந்தால் காட்டன் வேஸ்ட் நூலால் மெஷினைப் பளபளவென்று துடைத்துவிட்டுத்தான் அடுத்த ஆளிடம் விடுவார். அழுக்கோடு விட்டுப் போகிறவனை அவர் ஆளாகவே மதித்ததில்லை.

முதல் வருஷம் சர்ச் ஆண்டுவிழா போட்டோக்களை யாரோ மெமரி கார்டிலிருந்து அழித்துவிட்டார்கள். நான் மீட்டுக் கொடுத்தேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனாலும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அழித்தால் எதுவும் போய்விடாது, எதை வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்று வீட்டில் அளந்துவிட்டேன். அப்பா அதைச் சாம்பியன் ரீப்ஸ் ரயில் ஸ்டேஷன் வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த மழைக்காலத்தில் அம்மா இறந்துபோனாள். சர்ச் பாடகர் குழுவில் இருந்தவள். தோசை வார்த்துக்கொண்டே பாடிப் பார்த்து, போனில் பதிவு செய்து வைப்பாள். வெட்கத்தில் யாருக்கும் அனுப்பமாட்டாள். எனக்கு அந்தக் குரல் வேண்டும். அதை அப்பாவிடம் கேட்டால் இரண்டு பேரும் உடைந்துபோவோம் என்று பயம். அதனால் செய்முறை வகுப்புக்கு ஒரு பழைய போன் வேண்டும், அம்மாவுடையது இருந்தால் போதும் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது போன் மேஜைமேல் இருந்தது. புதுக் கவர், கண்ணாடியில் ஒரு கைரேகை கிடையாது. திறந்தால், எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. ஆண்டர்சன்பேட்டை மொபைல் கடையில் கொடுத்து உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்து வாங்கி வந்திருக்கிறார்.

"ஏம்ப்பா, இதுல அம்மா பாட்டு இருந்துச்சே?"

"தெரியும். அதான் நீ எடுத்துடுவ இல்ல? காலேஜுக்குப் போற பொருளு, க்ளீன் பண்ணாம எப்டி குடுக்கறது?"

இப்போதைய போன்களில் எல்லாமே பூட்டித்தான் சேமிக்கப்படும். முழுதாக அழிக்கும்போது சாவியே அழிந்துவிடும். எங்கள் பேராசிரியையும் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். அப்பாவை உட்காரவைத்து ஒளிக்காமல் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். என் தோளைத்தான் தட்டினார்.

"இன்னும் படிப்பு பாக்கி கீது இல்ல? போகப் போக கத்துக்குடுப்பாங்க. அவசரமில்ல."

பீற்றிக்கொள்ள எனக்கு வாய் இருந்தது. அம்மா குரலைக் கேட்க வேண்டும்போல இருக்கிறது என்று சொல்ல மட்டும் இல்லாமல் போயிற்று.

இப்போதும் சனிக்கிழமை ரயிலிறங்கி வீட்டுக்குப் போனால் அந்தப் போன் என் மேஜையில் இருக்கும். திரையைத் துடைத்து, முழுவதும் சார்ஜ் ஏற்றி வைத்திருப்பார்.