ஓடையில் காணாமல் போன டிரம்கள்

விஷக் கழிவை யார் கொட்டினார்கள், யார் நஷ்டஈடு தர வேண்டும் என்று கண்டுபிடிக்கிற என் தொழிலில், உண்மை கடைசியில்தான் கிடைக்கும். சந்தேகம் முதல் நாளே கை நிறையக் கிடைத்துவிடும். மாசு விவகாரங்களைப் பார்க்கும் அரசு அலுவலகத்துக்காக விசாரித்து அறிக்கை கொடுக்கிற ஒரு சின்னத் தனியார் நிறுவனத்தில் இருக்கிறேன். சங்கரன்கோவிலில் வாடகை வீடு, ஓட்டை ஸ்கூட்டர். கடன் வசூல், கரண்ட் திருட்டு, கடைத் தணிக்கை என்று போகிற இடமெல்லாம் முறைப்பு வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

நேத்துவரைக்கும்

புகார் கொடுத்தவர் பேச்சியம்மாள். திருவேங்கடம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிக் கரிசல் காட்டில் ஓர் ஓடை, ஓடையை ஒட்டி அவருடைய பிச்சிப்பூத் தோட்டம். தோட்டத்துக்கு இருப்பது ஒரே கிணறு. ஓடையோரம் யாரோ நீல டிரம்களை இறக்கிவிட்டுப் போனார்கள், சில நாளில் கிணற்றில் பெயிண்ட் கரைக்கிற எண்ணெய் வாடை வந்துவிட்டது, செடி கருகுகிறது என்று எழுதியிருந்தார். என் அறிக்கையை வைத்துத்தான் அவருக்கு நஷ்டஈடு.

போய்ப் பார்த்தேன். மண் பிசுபிசுவென்று மின்னியது. சீமைக்கருவேலம்கூட வாடிக் கிடந்தது. எதற்கும் சாகாத அந்தச் செடியே வாடினால் சாதாரண விஷம் இல்லை. ஆனால் டிரம் ஒன்றைக்கூடக் காணோம். துப்புத் தெரிந்து கம்பெனிக்காரனே அள்ளிக்கொண்டு போய்விட்டான் என்று முடிவு கட்டினேன். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரை விசாரித்தால், அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஆட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "டிரம்மா? இங்கன டிரம்மே கெடையாதே மேடம். நேத்துவரைக்கும் கெடந்துச்சு."

ஏலக்காய் டீ

அந்த வாடையுள்ள கழிவு வருகிற கம்பெனி சுற்றுவட்டாரத்தில் ஒன்றுதான். மேனேஜர் ஏலக்காய் தட்டிப் போட்ட டீ கொடுத்தார். "கழிவெல்லாம் முறைப்படி லாரிக்காரர்கிட்ட ஒப்படைச்சாச்சு. நீங்க சொல்லுற ஓடை எந்தத் திசையில இருக்குன்னே எங்களுக்குத் தெரியாது" என்றார். லாரிக்காரரோ, சொன்ன இடத்தில் இறக்கினேன், சொன்னது யார் என்பது மறந்துபோச்சு என்றார். இவர்கள் டிரம்மின் அடியில் கம்பெனி முத்திரை அச்சாகியிருக்கும். ஒரே ஒரு டிரம் கிடைத்தால் போதும், இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்துவிடும்.

மறுநாள் ஊருக்குள் போனால், நான் டீ குடித்த சேதி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. யாரும் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. பேச்சியம்மாளின் கணவர் மாடசாமி மட்டும் மிகவும் மரியாதையாக நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார்: "கம்பெனி டீ நல்லா இருந்துச்சா மேடம்? எங்க வீட்டுக் கடுங்காப்பி உங்களுக்கு இறங்குமா?"

சீதனம்

ரோசத்தோடு எழுந்து தெருவில் நடந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. வாசலுக்கு வாசல் நீல டிரம். தேய்த்துக் கழுவி, மேலே தட்டுப் போட்டு மூடி, பக்கத்தில் செம்பு. நல்ல கனமான டிரம் சும்மா கிடந்தால் யார்தான் விடுவார்கள்? உள்ளே இருந்ததை ஓடையில் கவிழ்த்துவிட்டு உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். இந்த எளிய விஷயம் என் மண்டையில் ஏறவில்லை, நான் கம்பெனியின் சதியைத் தேடிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

கேட்டால் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை, டிரம்மைப் புரட்டி முத்திரையைப் பார்க்கவும் விடவில்லை. ஒரு வீட்டில் அம்மா கொடுத்த சீதனம். அடுத்த வீட்டில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைக்க வாங்கியது. இன்னொரு வீட்டில், நான் வருவதைப் பார்த்ததும் டிரம்மின் மேல் போர்வையை விரித்துக் காயப் போட்டார்கள். உள்ளே இருந்தது குடிதண்ணீர். எனக்குப் பகீரென்றது. கையைக் காலைக் கழுவக்கூட இந்தத் தண்ணீர் ஆகாது, எத்தனை தடவை தேய்த்தாலும் விஷம் பிளாஸ்டிக்கை விட்டுப் போகாது, பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்று தொண்டை கட்டுகிற அளவுக்குக் கத்தினேன். போர்வை வீட்டுக்காரி பக்கத்து வீட்டுக்காரியிடம் எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்: "ஒரு டிரம்மைப் புடுங்கதுக்கு எம்புட்டுப் பெரிய கதை சொல்லுதா பாத்தியா!"

ரெண்டையும் எழுதுங்க

பேச்சியம்மாள் தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் பின்னாலும் ஒரு டிரம் இருந்தது. மருந்தடிக்கத் தண்ணீர் கலக்குவதற்காம். மாடசாமி தலையைக் குனிந்துகொண்டார். கிணற்றுக்கு மேற்கே, பத்தடி தூரத்தில்தான் அவர் அதைக் கவிழ்த்திருந்தார். "வாடை வந்துச்சு மேடம். போயிரும்னு நெனச்சேன்" என்றார். பேச்சியம்மாள் கணவரைப் பார்த்த பார்வையில், அந்தம்மாவுக்கும் அந்த நிமிஷம்தான் விஷயம் தெரிந்தது என்று புரிந்தது.

நான் மறைக்காமல் சொன்னேன். டிரம்மைக் காட்டினால் கம்பெனி மாட்டும். ஆனால் கவிழ்த்தது உங்கள் வீட்டுக்காரர் என்பதும் வெளியே வரும், நஷ்டஈடே கிடைக்காமல் போகலாம். காட்டாவிட்டால் கம்பெனி தப்பித்துவிடும், தெரு முழுக்க அந்தத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்கும். பேச்சியம்மாள் கருகிய செடிகளை ஒரு தடவை பார்த்தார். பிறகு டிரம்மைச் சாய்த்து, மருந்துத் தண்ணீரைப் பாறை மேல் ஊற்றப் போனவரைத் தடுத்து, மூடி போட்டு அப்படியே எடுக்க வைத்தேன். டிரம்மை ஆட்டோவில் ஏற்றிவிட்டு என்னிடம் சொன்னார்: "கவுத்துனது இவரு. கொண்டாந்து வச்சது அவன். ரெண்டையும் எழுதுங்க."

வக்கீலின் அவசரம்

விசாரணை தாலுகா அலுவலகத்தில் நடந்தது. பேச்சியம்மாள் நடந்ததை நடந்தபடி சொன்னார். அடியில் இருக்கும் முத்திரையைக் காட்டலாம் என்று நான் டிரம்மைச் சாய்க்கப் போனேன். அதற்குள் கம்பெனி வக்கீலுக்கு உற்சாகம் தாங்கவில்லை. துள்ளி எழுந்தார். "பார்த்தீங்களா சார்! எங்க டிரம்மை நாங்க மூடி போட்டுப் பத்திரமா ஓடையோரம் வச்சிருந்தோம். திறந்து கொட்டினது இந்தம்மா வீட்டுக்காரர்!"

மேனேஜர் அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தார். சந்தேகப்பட்டே பிழைக்கிற எனக்கு, எதிராளி தானாகவே வந்து கொடுத்த இந்த உண்மையை நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. விசாரணை அதிகாரி பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: "அப்போ, டிரம் உங்களோடது, வச்சதும் நீங்கதான்னு எழுதிக்கிடட்டுமா வக்கீல் சார்?"

உத்தரவு வந்த பிறகு

கழிவை உண்டாக்கிய கம்பெனிதான் பொறுப்பு என்று உத்தரவு வந்தது. ஓடை மண்ணை அள்ள வேண்டும், வீட்டுக்கு வீடு புது டிரம் கொடுத்துப் பழையதை வாங்க வேண்டும், பேச்சியம்மாளுக்கு நஷ்டஈடு தர வேண்டும். மாடசாமி செய்ததற்காகத் தொகையில் ஒரு பகுதியைக் குறைத்திருந்தார்கள். இனிப்பு வாங்கிக்கொண்டு நானே சொல்லப் போனேன். தோட்டத்தில் பிச்சிக்கொடியை வேரோடு பிடுங்கிக் குவித்து வைத்திருந்தார்கள். உத்தரவை வாசித்துக் காட்டினேன். கிணறு எப்போது சரியாகும் என்று பேச்சியம்மாள் கேட்டார். அது எனக்கும் தெரியாது, சோதித்தவர்களுக்கும் தெரியாது. இனிப்பு டப்பாவைத் திறக்காமலே என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேச்சியம்மாள் சொன்னார்: "ஆளைக் கண்டுபிடிச்சிட்டீங்க, சந்தோசம். அப்படியே தண்ணியையும் கண்டுபிடிச்சுக் குடுத்துட்டுப் போங்க மேடம்."

இத்தனை காலம் ஊரையெல்லாம் சந்தேகப்பட்டுச் சம்பாதித்ததில் எனக்கு மிச்சம், யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் மோந்து பார்த்துவிட்டுக் குடிக்கிற இந்த மானங்கெட்ட பழக்கம் ஒன்றுதான்.