லொரெய்ன் அத்தையின் பஸ்ஸில் ஏறுகிறவர்கள்

இங்கிலாந்தில், எங்கள் ஊரான கிரிம்ஸ்பியில் லொரெய்ன் அத்தை பஸ் ஓட்டுகிறாள். போன வருஷத்திலிருந்து மாதத்தில் ஓரிரு நாள், சம்பளமில்லாத நீதிபதி. சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. பயிற்சி கொடுப்பார்கள், சட்டம் தெரிந்த ஆலோசகர் ஒருவர் பக்கத்துணை. கொலை, பெரிய கொள்ளையெல்லாம் ஜூரி உட்காரும் மேல் கோர்ட்டுக்குப் போய்விடும். மிச்சக் கேஸெல்லாம் அத்தை மாதிரி மூன்று சாதாரண ஆட்கள் தலையில்.

“ஜட்ஜுங்க போடற வெள்ளை விக் உண்டா அத்தை?”

“எங்க கோர்ட்ல கிடையாதுடா ஃபின்.”

“அப்ப உன் தலைமுடிய ஜனங்க பார்த்துத்தான் ஆகணுமா? பாவம்.”

அவள் சிரிக்கவில்லை. “அதான்டா பயமே. என் மூஞ்சி ஊருக்கே தெரியும். நான் ஜெயிலுக்கு அனுப்பறவனோட அம்மா மறுநாள் என் பஸ்லதான ஏறணும்.”

அதுவரை அவள் யாரையும் அனுப்பியதில்லை. ரைலி ஹாப்வுட் கேஸ் வந்த நாளில், கேலி செய்யலாம் என்று நானும் போய்ப் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தேன். ரைலிக்கு என்னைவிட மூன்று வயது கூட. கடையில் திருடி, தடுத்த பெண்ணைக் கீழே தள்ளியிருந்தான். முன்பே ஒரு தடவை, ‘இன்னொன்று செய்தால் உள்ளே’ என்று எச்சரித்து விட்டிருந்தார்கள். கூண்டில் நின்ற அவன் காலடியில் ஒரு துணிப்பை.

“வக்கீல் எடுத்துட்டு வரச் சொன்னாரு,” என்றாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா, நான் கேட்காமலே. “ரெண்டு பேன்ட், டூத்பிரஷ். தேவைப்படாதுல்ல தம்பி?”



நீதிபதிகள் மூவரும் யோசிக்க உள்ளே போனார்கள். அங்கே புதியவர்தான் முதலில் கருத்துச் சொல்ல வேண்டுமாம், பெரியவர்களைப் பார்த்துத் தலையாட்டிவிடக் கூடாதென்று. அன்று புதியவள் அத்தைதான். எழும்போது நாற்காலிக் கையை அவள் பிடித்த பிடி, ஐஸ் விழுந்த ரோட்டில் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற பிடி.

திரும்பி வந்ததும் நடுவில் இருந்தவர் தீர்ப்பைப் படித்தார். பதினாறு வாரம் ஜெயில். அத்தை குனியவில்லை, ரைலியையே பார்த்தாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு பின்கதவுக்குப் போனான்.

“உள்ள நீ என்ன சொன்ன?” என்று ராத்திரி கேட்டேன்.

“அது உள்ளயே இருக்கணும்,” என்றாள். மீன் வறுவல் தட்டில் ஆறிக் கிடந்தது.

மறுநாள் அவள் பஸ்ஸில்தான் போனேன், சும்மா. மார்க்கெட் நிறுத்தத்தில் ரைலியின் அம்மா ஏறினாள். கட்டணம் செலுத்தும்போது நிமிர்ந்து பார்த்தாள், கொஞ்சம் கூடுதலாகவே. முன் சீட்டில் உட்கார்ந்தாள். கண்ணாடியில் அத்தையின் முகம் வெளுத்திருந்தது.

எங்கள் ஊரில் இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்லாமல் யாரும் இறங்குவதில்லை. அந்தம்மா தன் நிறுத்தத்தில் எழுந்து கதவருகே நின்றாள்.

“தேங்க்ஸ்மா,” என்றாள். இறங்கிவிட்டாள்.

கதவு திறந்தபடியே கிடந்தது. அத்தை ஸ்டியரிங்மேல் நெற்றியைச் சாய்த்திருந்தாள்.

“என்ன டிரைவரம்மா, வண்டி மக்கர் பண்ணுதா?” என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

“அஞ்சு நிமிஷம் குடுங்கய்யா,” என்று கத்தினேன் நான்.