பாடாலூரம்மாளும் வெற்றிச்செல்வியும்

கல்யாணமாகி வந்த மறுநாளே வெற்றிச்செல்வியின் பெயர் போய்விட்டது. யாரும் வேண்டுமென்று பிடுங்கவில்லை. திருமானூருக்குப் பக்கத்தில் அவள் வாக்கப்பட்ட அந்த ஊரில் ஏற்கெனவே மூன்று செல்விகள் இருந்தார்கள். "புதுப்பொண்ணு எந்த ஊரு?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "பாடாலூரு" என்று பதில் சொன்னார்கள். அந்தப் பதிலே பெயராக நின்றுவிட்டது.

"பாடாலூரு, தண்ணி வந்துடுச்சு, கொடத்த எடுத்தா." "பாடாலூர்க்காரி வூட்ல இன்னிக்கி என்ன கொழம்பு?" இப்படித்தான் கூப்பிட்டார்கள். முதல் வருஷம் நடவுக்குப் போனபோது அவளுக்கு நாற்று நடத் தெரியவில்லை. பாடாலூர்ப் பக்கம் சின்ன வெங்காயமும் பருத்தியும் போடுகிற மேட்டுக்காடு. சேற்றில் கால் வைத்தே பழக்கமில்லை. அவள் நட்ட நாற்று மறுநாள் காலையில் மிதந்துகொண்டிருந்தது. "பாடாலூரு நட்டது மெதக்குது" என்று ஒரு வாரம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் இல்லைதான். ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம், நீ இந்த ஊர்க்காரி இல்லை என்று யாரோ சொல்வதுபோல அவளுக்கு இருக்கும். அவள் புருஷன் செந்தில்குமார் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன். அவன் அவளைப் பெயர் சொல்லியே கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பான், அவ்வளவுதான்.

வாக்காளர் பட்டியலுக்குப் பெயர் எழுத வாத்தியார் ஒருவர் வந்த அன்று அவள் களையெடுக்கப் போயிருந்தாள். வீட்டில் இருந்தவள் ஓரகத்தி செங்கமலம். கொழுந்தன் பொண்டாட்டி பேர் என்ன என்று கேட்டதும் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். வாத்தியார் மரியாதைக்கு ஓர் 'அம்மாள்' சேர்த்து, 'பாடாலூரம்மாள், கணவர் பெயர் செந்தில்குமார்' என்று எழுதிக்கொண்டு போனார். அட்டை அப்படியே வந்தது. படத்தில் இருந்த முகம் அவளுடையதுதான். அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அட்டையை வைத்தே ஒவ்வொரு தேர்தலிலும் ஓட்டுப் போட்டாள். பல வருஷம் கழித்து ஆதார் எடுத்தபோது மட்டும் பள்ளிக்கூடச் சான்றிதழைக் கையோடு கொண்டுபோய், வெற்றிச்செல்வி என்று சரியாகப் பதியவைத்தாள்.

மகன் காலேஜுக்குப் போன வருஷம், அரியலூர்ப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தாள். மூட்டை கட்டும் இடத்தில் சிந்துகிற சிமெண்டைக் கூட்டி அள்ளுகிற வேலை. சேர்ந்த அன்று கையில் இருந்தது ஓட்டு அட்டை மட்டும்தான். கான்ட்ராக்டர் அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். காலை ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்துப் போவாள். முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் கூட்டுவாள். ஆறு வருஷம் இப்படிப் போயிற்று.

அதன் பிறகுதான் புது இயந்திரம் வந்தது. வட்டமாகச் சுற்றுகிற பெரிய இயந்திரம். சுற்றிலும் சிமெண்ட் கொட்டுகிற எட்டு மூக்குகள். ஒவ்வொரு மூக்கிலும் காலிப் பை தானாக மாட்டிக்கொள்ளும். ஒரு சுற்று முடிவதற்குள் நிரம்பிக் கீழே விழும். அதை ஓட்டிக் காட்டிப் பழக்க இத்தாலியிலிருந்து ஓர் என்ஜினியர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், நெட்டையான ஆள். வெயிலில் கழுத்து சிவந்துபோயிருந்தது. அவர் பேசும் இங்கிலீஷைத் தமிழில் சொல்வதற்கு அனிதாவை உடன் விட்டிருந்தார்கள். அனிதா பெரம்பலூரில் என்ஜினியரிங் படித்துவிட்டு ஆலையில் சேர்ந்து இரண்டு வருஷமான பெண்.

முதல் நாள் டீ நேரத்தில் அனிதா அவரை எல்லாருக்கும் அறிமுகப்படுத்தினாள். "இவர் பேரு லூக்கா பதோவான்."

மூட்டை ஏற்றுகிற அமாவாசைக்குக் காது கொஞ்சம் மந்தம். "என்னது, பாடாலூரானா?" என்றான். "அப்ப நம்ம பாடாலூருக்குப் பங்காளியா இவரு?"

கூட்டம் மொத்தமும் சிரித்தது. வெற்றிச்செல்விக்கு முகம் சுருங்கிவிட்டது. லூக்கா எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்டார். அனிதா தயங்கித் தயங்கி விளக்கினாள். பாடாலூர் என்று ஓர் ஊர் இருக்கிறது, இந்த அக்கா அங்கே பிறந்தவர், அதனால் அவரை ஊர்ப்பேர் சொல்லியே கூப்பிடுகிறார்கள் என்றாள்.

லூக்கா டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. கைகளை ஆட்டி வேகமாகப் பேசத் தொடங்கினார். அனிதா பின்னாலேயே ஓடி ஓடிச் சொன்னாள்.

"அவங்க ஊர்ப் பக்கம் பதோவான்னு ஒரு டவுன் இருக்காம். பதோவாக்காரன்தான் பதோவான். நம்ம 'பாடாலூரான்' மாதிரியே. அமாவாசை அண்ணன் சொன்னது ஒண்ணும் பெரிய தப்பு இல்லைங்கறாரு."

"அப்ப இவரு அந்த ஊர்க்காரரா?" என்று கேட்டாள் வெற்றிச்செல்வி. அவள் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"இல்லக்கா. இவரு பொறந்தது கடலோரம் வேற ஊரு. எந்தக் காலத்துலயோ இவங்க பாட்டன் பூட்டன் பதோவாவ வுட்டுப் போயி அங்க குடியேறிட்டாங்களாம். போன எடத்துல பதோவாக்காரன், பதோவாக்காரன்னு கூப்புட்டு, எழுதுறவனும் அப்படியே எழுதிட்டான். ஊருக்குள்ளயே இருக்கறவன ஊர்ப்பேர் சொல்லிக் கூப்புட என்ன அவசியம்? வெளிய போனவனுக்குத்தான் அந்தப் பேரு ஒட்டும்ங்கறாரு."

லூக்கா இன்னும் நிறுத்தவில்லை. அதே ஊரிலிருந்து கிளம்பிய பெயர்தான் பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு மாதிரி ஆகிவிட்டதாம். ஒருவன் பதோவானி, ஒருவன் பதோவானோ, இன்னொருவன் நடுவில் ஓர் எழுத்தை விழுங்கிப் பதோஆன். அந்த ஊர்ப்பேரில் பழைய காலத்து நடனம் ஒன்று உண்டு. கோழி ஒன்றுகூட உண்டு. போனில் கோழியின் படத்தைத் தேடிக் காட்டினார். தலையில் கண்ணே தெரியாத அளவுக்குப் பெரிய சிறகுக் கொண்டை. அமாவாசை போனை வாங்கி உற்றுப் பார்த்து, "கோழிக்கு யாரு சவுரி வச்சு வுட்டது?" என்றான். அனிதாவுக்கு அதை எப்படி இங்கிலீஷில் சொல்வது என்று தெரியவில்லை.

வெற்றிச்செல்வி அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டு கூட்டினாள். ஊர்ப்பேரைச் சொன்னால் இந்த மனுஷனுக்கு ஏன் கூச்சமே இல்லை என்று அவளுக்கு விளங்கவில்லை.

இயந்திரம் ஓட ஆரம்பித்து இரண்டாவது வாரத்தில் சிக்கல் வந்தது. மூட்டைகளில் சில எடை குறைந்து விழுந்தன. கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் சரியாக இருந்தது. லூக்கா ஒவ்வொரு மூக்காகக் கழற்றி மாட்டினார். காலையில் நன்றாக ஓடும், மதியத்துக்கு மேல் தகராறு பண்ணும். மூன்று நாள் இப்படி.

மூன்றாம் நாள் வெற்றிச்செல்வி அனிதாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "நான் சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. சிந்துறத அள்ளுறவ நாந்தான? எல்லா மூக்குலயும் ஒரு தினுசா சிந்தல. மிசின நிறுத்துறப்ப அஞ்சாம் மூக்குக்குக் கீழ மட்டும் குமியுது. அதுவும் வெயில் ஏறுனப்புறம்தான். அங்க கிட்டப் போனா ஒரு 'உஸ்'ஸுன்னு சத்தம் கேக்குது."

அனிதா சொன்னதும் லூக்கா மறுபேச்சுப் பேசாமல் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். பையின் வாயை இறுக்கிப் பிடிக்க, மூக்கைச் சுற்றிக் காற்றில் உப்புகிற ரப்பர் வளையம் ஒன்று உண்டு. ஐந்தாம் மூக்கின் வளையத்தில் மயிரிழை போல ஒரு கீறல். சூட்டில் ரப்பர் இளகியதும் கீறல் வாய் திறந்து காற்றை விட்டது; பிடி தளர்ந்து பைக்குப் போகவேண்டிய சிமெண்ட் வெளியே சிந்தியது. புது வளையம் மாட்டியதும் எடை சரியாயிற்று.

அன்று முதல் லூக்கா அவளைத் துடைப்பத்தோடு நிற்கவிடவில்லை. இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கவைத்தார். கிளம்புவதற்கு முன்னால் நான்கு பேரைப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பட்டியலில் முதல் பெயராக அவளை எழுதினார். பயிற்சி முடித்தவர்களை ஆலை நேரடியாக ஆபரேட்டராக எடுத்துக்கொள்ளும் என்று பேச்சு.

ஆபீஸில் தாள்களைப் பார்க்கிறவர் சிவசுப்பிரமணியன். நல்ல மனிதர், ஆனால் தாளில் இல்லாததை நம்பாதவர். ஆதாரையும் கான்ட்ராக்டர் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஆபரேட்டருக்கு அஞ்சு வருஷ அனுபவம் வேணும்மா. இங்க ஆறு வருஷம் வேலை பாத்தது பாடாலூரம்மாள்."

"அது நாந்தாங்க சார்."

"நீங்க வெற்றிச்செல்வி. வெற்றிச்செல்விக்கு இங்க ஒரு நாள் அனுபவம்கூட இல்ல. ரெண்டும் ஒரே ஆளுதான்னு தாசில்தார் ஆபீஸ்ல சான்று வாங்கிட்டு வாங்க. பத்து நாள் டயம் தரேன்."

ஆறு வருஷமாகத் தூசி தின்றது யாரோ ஒருத்தி என்று சொன்னால் எப்படி இருக்கும்?

கிராம நிர்வாக அலுவலரிடம் போனாள். அவர் ஊருக்குப் புதுசு. சாட்சி வேண்டும் என்றார். தெருவில் நாலு பேரைக் கூட்டிப் போனாள். "இவங்க பேரு என்ன?" என்று அவர் கேட்க, நாலு பேரும் ஒரே குரலில் "பாடாலூரு" என்றார்கள். "வெற்றிச்செல்வின்னு யாராவது தெரியுமா?" என்றதற்கு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அதில் இருந்த காத்தாயி, "அது மேலத் தெருப் பொண்ணுல்ல?" என்று வேறு கேட்டாள். இருபத்தைந்து வருஷம் அவளோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவள் காத்தாயி.

பாடாலூரில் அண்ணன் நல்லதம்பிக்குப் போன் போட்டாள். நெடுஞ்சாலை ஓரம் பஞ்சர் கடை வைத்திருப்பவர். "எங்க வூட்டு வெற்றிச்செல்விய எங்க ஊருக்கே தெரியும்டி. நூறு பேரக் கூட்டியாரட்டா?" என்றார்.

"அங்க என்னைய பாடாலூருன்னு யாராச்சும் கூப்புடுவாங்களாண்ணே?"

"எதுக்குக் கூப்புடணும்? இங்க எல்லாருமே பாடாலூருதான்."

லூக்கா சொன்னதே தன் தலையில் வந்து விடிந்திருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு பெயர் தெரிந்த ஊருக்கு மற்றது தெரியாது. இரண்டு ஊரும் ஒரே மேசைக்கு முன்னால் வந்து நின்றால்தான் உண்டு.

நல்லதம்பி கடையை அடைத்துவிட்டு, பெரம்பலூர் போய் அரியலூர் போய் மூன்று பஸ் மாறி வந்தார். கையில் வெற்றிச்செல்வி ஏழாவது படித்தபோது எடுத்த வகுப்புப் படம். இந்தப் பக்கம் செங்கமலத்தை அழைத்துப் போனாள். செங்கமலத்துக்கு ஒரே பயம், பொய் பேர் கொடுத்ததற்குப் பிடித்து வைத்துக்கொள்வார்களோ என்று.

அலுவலர் நல்லதம்பியிடம் கேட்டார். "இவங்க யாரு?"

"என் தங்கச்சி வெற்றிச்செல்விங்க."

செங்கமலத்திடம் திரும்பினார். "இவங்க?"

"பாடாலூருங்க. எங்க வூட்டுப் பாடாலூரு." சொல்லிவிட்டுச் செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பேரு தெரியாம சொல்லலீங்க. கல்யாணப் பத்திரிகையிலயே அடிச்சிருந்துச்சு. கேட்டதும் வாயில அதான் வந்துச்சு. நான் வாய வச்சதுல இவளுக்கு இப்புடி ஆயிப்போச்சு."

"அழுவாதக்கா. நீ எதையாச்சும் சொல்லி, அதையும் அப்புடியே எழுதிக்கப் போறாங்க" என்றாள் வெற்றிச்செல்வி. அலுவலர் சிரித்துவிட்டார். அறிக்கை எழுதி மேலே அனுப்பினார். ஒன்பதாம் நாள் தாசில்தார் கையெழுத்தோடு சான்று வந்தது. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரே ஒரு வரி.

பயிற்சிக்கு இயந்திரக் கம்பெனியின் படிவம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் நிரப்ப வேண்டும். அனிதா உட்கார்ந்து அடித்தாள். பெயர் என்ற கட்டத்தில் வெற்றிச்செல்வி. அடுத்து குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். அதைக் காலியாக விட்டால் படிவம் நகரவே மாட்டேன் என்றது.

"வூட்டுக்காரர் பேரப் போட்டுரவாக்கா? எல்லாரும் அதான் போடுறாங்க."

வெற்றிச்செல்வி திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் லூக்கா தன் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். "அவரு சம்சாரத்துக்கு என்ன பேருன்னு கேளுங்க" என்றாள்.

கேட்டதில் விசென்டின் என்று வந்தது. அதுவும் விசென்சா என்ற ஊரைச் சேர்ந்தவர் என்று அர்த்தம். அவர்கள் நாட்டில் கல்யாணம் ஆனாலும் பெண்ணின் பெயர் அப்படியே இருக்குமாம். பிள்ளைகளுக்கு அப்பா பெயர்தான் போகும், இப்போது சட்டம் மாறி அம்மா பெயரையும் சேர்க்கலாம் என்றாகியிருக்கிறது என்றார்.

"அப்ப பாடாலூர்னே போடுங்க" என்றாள் வெற்றிச்செல்வி. "அந்தப் பேருலதான் ஆறு வருசம் ஒழைச்சிருக்கேன். சும்மா வுட முடியுமா?"

அன்று சாயங்காலம் அதைச் செந்தில்குமாரிடம் சொன்னாள். "எம்பேரப் போட்டிருக்கலாம்ல?" என்றான்.

"ஒங்க பேரச் சொல்லி யாராச்சும் என்னைய ஒரு நாள் கூப்புட்டிருக்காங்களா? நீங்களே கூப்புட்டதில்ல."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் அவள் பயிற்சிக்குக் கிளம்பியபோது பைக்கில் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டான்.

லூக்கா ஊருக்குப் போன பிறகு பயிற்சி ஐந்து வாரம் நடந்தது. நான்கு பேரில் ஒருவர் பாதியில் நின்றுவிட்டார். மிச்ச மூன்று பேருக்கும் வேலை கிடைத்தது. வெற்றிச்செல்விக்கு இரண்டாம் ஷிப்ட், மதியம் இரண்டு மணியிலிருந்து. முதல் தடவை தனியாகப் பட்டனை அழுத்தினாள். எட்டு மூக்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் பையைக் கவ்விக்கொண்டு சுற்றத் தொடங்கின. நாலரை மணிக்கு இரண்டாம் மூக்கில் ஒரு பை கிழிந்து சிமெண்ட் பொங்கியது. அவளே நிறுத்தினாள், சுத்தம் செய்யச் சொன்னாள், மறுபடி ஓட்டினாள். திரும்ப ஓடத் தொடங்குவதற்குள் ஏழு நிமிஷம் ஆகிவிட்டது. அடுத்த தடவை நாலு நிமிஷத்தில் முடித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.