'ட' வராத குவார்ட்டர்பேக்

கல்லூரி அணியில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய வருஷங்களில் நோலன் ஹூக்ஸ்ட்ராவுக்கு மைதானத்தில் வாய் திறக்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. அடுத்து ஆட வேண்டிய உத்தி என்னவென்று பக்கவாட்டில் நிற்பவர்கள் படம் போட்ட அட்டைகளைத் தூக்கிக் காட்டுவார்கள். பந்து வேண்டுமென்றால் இவன் கை தட்டினால் போதும். கைக்கு வந்த பந்தை, தொலைவில் ஓடுகிறவன் நெஞ்சிலேயே போய் விழுகிற மாதிரி எறிவான். மிச்சிகனில் புளூபெரி பயிரிடுகிற குடும்பத்துப் பையன், கூச்ச சுபாவம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவனுக்குத் திக்குவாய் என்பது வீட்டாருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ அணி அவனை எடுத்துக்கொண்டதும் சிக்கல் தொடங்கியது. தொழில்முறை ஆட்டத்தில் அந்த அட்டைகள் கிடையாது. ஹெல்மெட்டுக்குள் பயிற்சியாளர் காஃப்மனின் குரல் கேட்கும். "டஸ்க் ரைட், டைகர், பேக்கர் ஸ்லைடு..." என்று அவர் மூச்சுவிடாமல் அடுக்கும் சங்கேதச் சொற்களை, வட்டமாகக் கூடி நிற்கும் பத்துப் பேரிடம், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் அப்படியே சொல்லியாக வேண்டும். அதற்குக் கிடைப்பது சில வினாடிகள், கடிகாரமோ ஓடிக்கொண்டே இருக்கும்.

நோலனுக்கு 'ட'வும் 'ப'வும் வராது. எந்த அணியில் ஆடுகிறாய் என்று யாராவது கேட்டால்கூட ஊர்ப் பெயரைச் சொல்லாமல் "ஒஹாயோவில்" என்று சமாளிப்பவன் அவன். காஃப்மனின் உத்திப் பெயர்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு எழுத்தில்தான் தொடங்கின. பயிற்சி முகாமில் வராத சொல்லை விழுங்கிவிட்டு மிச்சத்தைச் சொன்னான். இடப்பக்கம் போக வேண்டியவன் வலப்பக்கம் ஓடினான், இரண்டு பேர் முட்டிக்கொண்டு விழுந்தார்கள்.

"ராத்திரி புத்தகத்தைத் தொறக்கிறியா, இல்ல வீடியோ கேம் ஆடிட்டுத் தூங்கிடுறியா?" என்று காஃப்மன் எல்லோர் முன்பும் கேட்டார்.

"கேம்தான் கோச்" என்றான் நோலன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆட்டப் புத்தகம் முழுக்க அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனாலும் திக்குவாயன் என்று பேர் எடுப்பதைவிடச் சோம்பேறி என்று பேர் எடுப்பது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

சீசனுக்கு முந்தைய வெள்ளோட்ட ஆட்டத்தில் அந்தச் சுலபமும் போனது. 'டைகர்' வரவே இல்லை. உதடு நடுங்க நின்றான். "சொல்லித் தொலைடா, மழை வந்துரும் போல" என்றான், பந்தைப் பிடிக்க ஓடுகிற டெரியன். கடிகாரம் தீர்ந்து அபராதம் விழுந்தது. அடுத்தடுத்து இரண்டு தடவை அதே கதை.

மறுநாள் காலையில் காஃப்மன் கூப்பிட்டனுப்பினார். ஆட்களைக் கழித்துவிடும் வாரம் அது. எதற்குக் கூப்பிடுகிறார் என்பதில் சந்தேகமே இல்லை.

"உன் கை மாதிரி கையை நான் அதிகம் பாத்ததில்ல. ஆனா உழைக்காதவனை வச்சு நான் என்ன பண்றது?" என்றார்.

சரி என்று எழுந்து போய்விடலாம். கதவு பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் 'உழைக்காதவன்' என்ற சொல் அவனைச் சுட்டது. பண்ணையில் விடியுமுன் எழுந்து பழம் பறித்தவன் அவன். வாயைத் திறந்தான். "எனக்குத் தி... தி... திக்கும் கோச். ட... ட..." அதற்குமேல் ஓடவில்லை. காஃப்மன் குறுக்கே பேசாமல் காத்திருந்தார். முகமெல்லாம் வேர்த்து, ஒருவழியாக எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

காஃப்மன் நாற்காலியில் சாய்ந்தார். "இவ்வளவுதானா? நீ புத்தகத்தையே தொடலன்னு நெனச்சு எனக்குத் தூக்கம் போச்சுடா." பிறகு, "எந்தெந்த எழுத்து?" என்று கேட்டார். நோலன் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "என் ஆட்டமே அந்த ரெண்டுலதான்டா ஓடுது. சரி, உத்தியோட பேரைத்தானே மாத்தணும்? ஆனா பசங்ககிட்ட நீதான் சொல்லணும்."

மற்றவர்களிடம் சொல்வதற்குள் நோலனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. டெரியன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"அதான் என்னைச் சட்டை நம்பரைச் சொல்லி 'ஏய் எண்பத்தொண்ணு'ன்னே கூப்பிட்டியா? பேர் சொன்னா கொறஞ்சு போயிடுவானோ, திமிர் புடிச்சவன்னு வீட்ல எல்லாம் சொல்லி வச்சிருக்கேனே."

"இ... இல்ல. உன் பே... பேர் 'ட... ட'வுல வருதே."

அறையே சிரிப்பில் குலுங்கியது. உத்திகளுக்குப் புதுப் பெயர் சூட்டுவதில் அடிதடி நடக்காத குறைதான். பந்தை நோலன் கைக்குத் தருகிற சென்டர் செமிசி, டோங்காத் தீவுக்காரன், மலை மாதிரி ஆள். 'டைகர்' இனி தன் மகள் பெயரில் 'மெலே' என்று பிடிவாதம் பிடித்து வாங்கிக்கொண்டான். 'பேக்கர்', டெரியனுக்குப் பிடித்த பலகாரமான 'வாஃபிள்' ஆனது. பந்து கேட்கக் குரல் கொடுக்க வேண்டாம், நோலன் காலைத் தூக்கி வைத்தால் போதும் என்று முடிவானது. அந்த வாரம் கழிக்கப்பட்டவர்களில் அவன் பெயர் இல்லை.

அக்டோபரில் ஓர் ஆட்டத்தின் நடுவே அணியின் முதல் நிலை குவார்ட்டர்பேக்குக்குத் தோள் பிசகியது. கடைசிக் கால் பகுதி, டொலீடோவுக்கு நான்கு புள்ளி முன்னிலை. மாற்று ஆளான நோலன் உள்ளே போனான். முதலில் சொன்ன உத்திப் பெயர்கள் தடங்கலில்லாமல் வந்தன. பிறகு, என்றுமே தகராறு செய்யாத 'வாஃபிள்' திடீரென்று தொண்டையில் நின்றுகொண்டது. அரங்கம் இரைந்தது. கடிகாரம் கரைந்தது. வட்டத்தில் ஒருவனும் அந்தச் சொல்லை எடுத்துக்கொடுக்கவில்லை, ஒருவனும் பெருமூச்சு விடவில்லை. செமிசி பாட்டுக்குக் கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தான். சொல் வந்தது. ஓடிப்போய் வரிசையில் நின்றார்கள். டெரியன் பந்தைப் பிடித்துக்கொண்டு, பந்து தங்கள் வசமே இருக்கத் தாண்ட வேண்டிய கோட்டைத் தாண்டி விழுந்தான். பிறகு நேரத்தைக் கடத்துவது மட்டும்தான் பாக்கி. முன்னிலை குறையாமல் ஜெயித்தார்கள்.

ஆட்டம் முடிந்து நிருபர்கள் சூழ்ந்தார்கள். ஒருவர் அவசரப்பட்டு அவன் வாக்கியத்தை முடித்துவைக்கப் பார்த்தார். நோலன் சிரித்தபடியே கையைக் காட்டி அவரை நிறுத்தி, தன் வேகத்திலேயே முடித்தான்.

செமிசியும் டெரியனும் அவனை ஊரில் ஹங்கேரிக்காரர்கள் நடத்தும் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு இழுத்துப்போனார்கள். பரிமாறும் பெண் என்ன வேண்டும் என்று கேட்டாள். நாக்கு சுலபமாகச் சொல்லக்கூடியதைத்தான் அவன் இத்தனை நாளும் எங்கும் வாங்கித் தின்றிருக்கிறான்.

"பா... பா... பாப்ரிகாஷ்" என்றான், அந்தக் கடையின் கோழிக் குழம்பின் பெயரை.

"அதோட மாவுருண்டை டம்ப்ளிங்கா, சோறா?"

அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். "ட... ட... டம்ப்ளிங்."

"எனக்கும் அதேதான்" என்றான் டெரியன். "சீக்கிரம் கொண்டு வாங்க, பசி உயிர் போகுது."