கேபினுக்கு அடியில் அக்கா

லாரியின் கேபினுக்கும் சேசிஸ் என்கிற அடிச்சட்டத்துக்கும் நடுவில் ஒரு ரப்பர் உண்டு. புஷ் என்பார்கள். உளுந்து வடை அளவு, வடையைப் போலவே நடுவில் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகப் போல்ட் இறங்கும். நாலு மூலையிலும் இந்த ரப்பர் உட்கார்ந்திருப்பதால்தான் ரோட்டின் அடி நேராக டிரைவரின் முதுகெலும்புக்குப் போகாமல் இருக்கிறது. சிதம்பரத்தில் லாரி உதிரிபாகக் கடையில் கவுண்டரில் நின்ற வருடங்களில் இதை எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வாங்கியவர்கள் எல்லாரும் அன்றைக்கே மறந்திருப்பார்கள். என்னால் மறக்க முடியாததற்குக் காரணம் என் அக்கா. அதைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்காடா என் புருஷனை வாட்ச்மேன் ஆக்கப் பாக்குறாங்க?" என்று கடை வாசலில் நின்று கேட்டவள் அவள். இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும்.

அக்காவைக் கடலூர் முதுநகரில் கொடுத்திருந்தோம். மாமாவுக்குச் சொந்த லாரி. கீரப்பாளையம் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை ஏற்றிக் கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் கொண்டுபோவார். பழைய வண்டிதான், ஆனால் அவர் அதை வைத்திருந்த அழகைப் பார்த்தால் புதுசு வாங்கியவன் வெட்கப்படுவான். துறைமுகத்து உப்புக்காற்றுக்கு அந்த ஊரில் எந்த இரும்பும் தாங்காது. அதற்காக மாமா வருடா வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வண்டியை வாட்டர் சர்வீஸ் செய்து, வேஸ்ட் ஆயிலில் டீசல் கலந்து அடிப்பக்கம் முழுக்க ஸ்பிரே அடிப்பார். அது போதாதென்று மாதம் ஒருமுறை தானே படுத்துக்கொண்டு துணியால் தடவிவிடுவார். தெருவில் லாரி வைத்திருந்த எல்லாருமே அடித்தார்கள். மாமா கொஞ்சம் ஜாஸ்தியாக அடித்தார்.

அப்படிப்பட்டவருக்கு முதுகில் வலி வந்தது. வண்டியிலிருந்து இறங்கினால் நிமிர்ந்து நிற்க நேரமாகும். கேபின் டமால் டமால் என்று அடிக்கிறது என்று மெக்கானிக் ஷெட்டில் சொன்னார். பழைய டயரை வெட்டி இடுக்கில் சொருகிவிட்டு, "ரோடு சரியில்லண்ணே, வண்டி என்னா பண்ணும்" என்று அனுப்பிவிட்டார்கள். டாக்டர் இனிமேல் லாரி ஓட்டக்கூடாது என்றார். இந்த இடத்தில்தான் மாமாவின் அண்ணன் உள்ளே வந்தார். ஆலை மானேஜர் அவருக்குப் பழக்கம். தம்பிக்கு அங்கேயே கேட் வாட்ச்மேன் வேலை பேசி முடித்துவிட்டார். "விஜயதசமி நல்ல நாளு. அன்னிக்கே சேந்துடு. வண்டியைக் குடுத்துடலாம்."

நல்ல எண்ணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு அப்போதும் எரிந்தது, இப்போது நினைத்தாலும் எரிகிறது. எந்த கேட்டுக்குள் ஹார்ன் அடித்துக்கொண்டு நுழைந்தாரோ, அதே கேட்டில் உட்கார்ந்து அடுத்தவன் வண்டிக்குக் கதவு திறந்துவிட வேண்டும். ஒருவன் கொஞ்சம் சாய்ந்தால் போதும், அவனுக்கு நாற்காலி போட்டு உட்காரவைக்க நம் சொந்தக்காரர்களுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சுறுசுறுப்பு வருமோ! மாமாவும் சரியென்று தலையாட்டிவிட்டார். சாப்பாடு குறைந்தது. வண்டியைத் துடைப்பதையும் நிறுத்திவிட்டார் என்று அக்கா போனில் சொன்னபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

கடைசி லோடு என்று மாமா சிதம்பரத்துக்கு வந்தபோது அக்காவும் கூடவே ஏறி வந்தாள். எங்கள் கடை வாசலில் இறங்கியவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எலும்பையெல்லாம் தனித்தனியா கழட்டிடுச்சுடா. இதுல உக்காந்தா எவனுக்குத்தான் முதுகு வலிக்காது? இவருக்கு நோவா, வண்டிக்கு நோவா?" நான் வெளியே வந்து கேபின் கதவைப் பிடித்து ஆட்டினேன். மொத்தக் கேபினும் ஊஞ்சல் மாதிரி போய்வந்தது. குனிந்து பார்த்தால் முன்பக்கம் இரண்டு இடத்தில் கேபின் இரும்பு சேசிஸ் மேலேயே உட்கார்ந்திருந்தது. உள்ளே போய் ஒரு புது புஷ்ஷை எடுத்துவந்து அவளிடம் கொடுத்தேன். அப்போது கேட்டதுதான் அந்த வாட்ச்மேன் கேள்வி. மாமா ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி, "விக்கப்போற வண்டிக்கு எதுக்கு மச்சான் இதெல்லாம்?" என்றார். அக்கா அவருக்குக் கேட்காமல் என்னிடம், "செட்டா எடுத்துகினு பூஜைக்கு வந்துடு" என்றாள்.

ஆயுத பூஜை அன்றுதான் எங்கள் கடைக்கு விடுமுறை. மறுநாள் விஜயதசமி, மாமா வேலையில் சேர வேண்டும். ஆக அந்த ஒரு நாள்தான் கையில் இருந்தது. அந்த ஒரு நாளில்தான் ஊரில் யாரும் ஸ்பானரைத் தொடமாட்டார்கள். காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது வண்டிக்கு வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, படையல் முடிந்திருந்தது. வீட்டுக்குள் முருகன் படத்துக்கு முன்னால் வாழை இலையில் ஸ்பானர், ஜாக்கி, சுத்தியல் எல்லாம் சந்தனப் பொட்டோடு வரிசையாக இருந்தன. மறுநாள் மறுபூஜை போட்ட பிறகுதான் எடுக்க வேண்டும்.

அக்கா கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நைட்டிக்கு மேல் மாமாவின் பழைய காக்கிச் சட்டையை மாட்டினாள். பிறகு இலையிலிருந்து ஜாக்கியைத் தூக்கினாள்.

சுண்டல் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமாவின் அண்ணன் அலறிவிட்டார். "பூஜையில வெச்ச சாமானைத் தொடுறியே, உனக்கு என்னா கொழுப்பு!"

"சாமி பாத்துகினு இருக்கட்டும் பெரிய மாமா. அவருக்கும் வண்டி ஓடணும்னுதான் இருக்கும். நீங்க சுண்டல் சாப்புடுங்க."

தெருவே வந்து பார்த்தது. மாமாவால் குனிய முடியாது, நான் வெளியே நின்று ஜாக்கி போட வேண்டும். அதனால் அடியில் போனது அக்காதான். சக்கரங்களுக்குக் கட்டை வைத்தோம். ஸ்டியரிங் ராடின் போல்ட்டைத் தளர்த்தினோம், இல்லையென்றால் கேபின் தூக்கும்போது அது இழுபடும். ஒரு பக்கத்து போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு, அந்தப் பக்கத்தை மட்டும் பலகை வைத்து ஜாக்கியில் தூக்கினேன். தூக்கிய இடைவெளியில் மரக்கட்டை சொருகிய பிறகுதான் கையை உள்ளே விடவேண்டும் என்று மாமா கத்தினார். அதற்கு முந்தின நாள் வரை எல்லாவற்றுக்கும் தலையாட்டிய மனிதர் அன்றைக்குத்தான் கத்த ஆரம்பித்தார். எனக்கு அந்தத் திட்டு தேனாக இருந்தது.

போல்ட்டுகள் சொன்னபடி கழன்றன. துரு என்பதே இல்லை. ஆனால் ரப்பர் இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் இல்லை. அக்கா விரலால் வழித்து எடுத்துக் காட்டினாள். கறுப்பு அல்வா மாதிரி கையோடு வந்தது. மாமா அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். டீசல் வாடைதான் அடித்தது. டீசலும் ஆயிலும் பட்டால் ரப்பர் ஊறி உப்பி நைந்துபோகும். துரு பிடிக்காமல் இரும்பைக் காப்பாற்றிய அதே கை, மாதா மாதம் துணியால் தடவித் தடவி ரப்பரைக் கரைத்திருக்கிறது. மாமா அப்படியே பின் சக்கரத்துக் கட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். "நானேதான் கெடுத்துகினேனா?" என்றார். அவர் அண்ணன் இதுதான் சமயமென்று, "அதான் அப்பவே சொன்னேன், உனக்கு இது வேணாம்" என்று ஆரம்பித்தார்.

அடியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஏங்க, அப்பறமா உக்காந்து அழுவலாம். புது ரப்பரு எந்தப் பக்கம் மேல வரணும், சொல்லுங்க."

மாமா எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் தலைமாட்டில் போய் நின்றார். மேல் ரப்பர், நடுவில் இரும்புக் குழாய், கீழ் ரப்பர், வாஷர் என்று சொல்லச் சொல்ல அவள் பூட்டினாள். ஷெட்டில் சொருகிய டயர் துண்டுகளை உருவித் தெருவில் எறிந்தாள். ஒரு துண்டு பெரிய மாமாவின் செருப்புக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. தெரியாமல் எறிந்தாள் என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த பக்கமும் முடித்து, கேபினை இறக்கி, எல்லா போல்ட்டையும் இறுக்கி, ஸ்டியரிங்கையும் பூட்டி முடிந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கதவைப் பிடித்து ஆட்டினேன். கேபின் அசையவில்லை.

மாமாவின் வலி அன்றோடு போய்விட்டது என்று எழுதினால் அது பொய். டாக்டர் சொன்னதும் பாதி சரிதான். பெல்ட் கட்டிக்கொண்டு, தூரத்து லோடு எடுக்காமல், அதற்குப் பிறகும் பல வருடங்கள் ஓட்டினார். இப்போது வரும் வண்டிகளில் சீட்டே காற்றில் மிதக்கிறது. முதுகைப் பற்றி யாரும் கூட்டம் போட்டு முடிவெடுப்பதில்லை. ஆனால் அடுத்தவன் எப்போது உட்கார வேண்டும் என்று தீர்மானிக்கிற ஆட்கள் இன்றும் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் காக்கிச் சட்டையும் கிரீஸ் பூசிய முகமுமாக அக்காதான் என் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறாள். நல்லாச் செய்தாய் அக்கா என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

விஜயதசமி காலையில் பெரிய மாமா வெள்ளை வேட்டியில் தம்பியை அழைத்துப் போக வந்தார். "பஸ்ஸு எதுக்கு, வண்டியிலேயே போலாம் ஏறுங்க" என்றாள் அக்கா. அவரை நடுவில் உட்காரவைத்து அக்காவும் கடைக்குத் திரும்ப வேண்டிய நானும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டோம். ரோடு அதே ரோடுதான். ஒவ்வொரு பள்ளத்திலும் அக்கா திரும்பி, "இடுப்பு வலிக்குதா பெரிய மாமா?" என்று அன்பாகக் கேட்டாள். அவர் வேட்டி மடிப்பை நீவிக்கொண்டார். மாமா கீரப்பாளையம் தாண்டி ஆலை வாசலில் நிறுத்தி ஹார்ன் அடித்தார். மானேஜரே வெளியே வந்து, பெரிய மாமாவைப் பார்த்துச் சிரித்து, "வாங்க வாங்க, புது வாட்ச்மேன் எங்க?" என்றார்.

அக்கா ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"அதுக்கு வேற ஆளு பாருங்க சார். நாங்க லோடு ஏத்த வந்திருக்கோம். கேட்டைத் தொறங்க."