"எங்கிட்டு?" என்று கேட்டாலும் நிற்காதீர்கள்

முதலில் வலித்தது நெஞ்சு அல்ல, இடது தாடை. கீரனூர் பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது வரும், பஸ்ஸில் உட்கார்ந்தால் போய்விடும். சொத்தைப் பல் என்று நினைத்து, மூன்று நாள் கிராம்பைக் கடித்துக்கொண்டே திருச்சிக்கு வேலைக்குப் போனேன். நாற்பத்தெட்டு வயதுக்காரிக்கு அவ்வளவுதான் அறிவு. நான்காம் நாள் அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மாரடைப்பு. அடைத்திருந்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் சிறு வலைக்குழல்) வைத்தார்கள். பிறகு எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) எடுத்த டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "இதயத்தசையில ஒரு பகுதி செத்துப்போச்சும்மா. அது திரும்ப வராது."

வீட்டில் என்னைக் கண்ணாடிப் பாத்திரம்போல வைத்துக்கொண்டார்கள். என் கணவர் குடத்தைத் தொட விடவில்லை. மூன்று மாதத்தில் கொல்லைப்புறம் போய்வரவே மூச்சு வாங்கியது. எங்கள் அலுவலகம் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அந்தப் படிகளை ஏற முடியாவிட்டால் வேலை இல்லை. சாவைவிட, இப்படியே கட்டிலில் கிடந்துவிடுவேனோ என்றுதான் அதிகம் பயந்தேன்.

டாக்டரம்மா ட்ரெட்மில்லில் நடக்கவைத்துச் சோதித்த பிறகு இடைவெளிப் பயிற்சி (தீவிரமும் மெதுவுமாக மாறி மாறிச் செய்வது) எழுதிக்கொடுத்தார். ஒரு நிமிடம் பேச முடியாத வேகம், இரண்டு நிமிடம் மெதுநடை. ஆறு சுற்று. முதல் சில வாரம் மருத்துவமனையில், அவர்கள் கண்முன்னால். அப்புறம் ஊரில்.

"செத்தது போக மிச்சத்தைப் பழக்கலாம். ஒண்ணு மட்டும், வேகம் முடிஞ்சதும் சட்டுன்னு நிக்காதீங்க. ரத்தம் கால்லயே தங்கிரும், தலை சுத்தும்" என்றார்.

தலையாட்டினேன். எங்கள் தெருவை மறந்துவிட்டேன். இங்கே ஒருவர் "எங்கிட்டு?" என்று கேட்டால் நின்றுதான் பதில் சொல்ல வேண்டும். நடந்துகொண்டே சொன்னால் சம்பளம் வாங்குகிற திமிர் என்பார்கள். முன்கூட்டியே எல்லாரிடமும் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். நோயைத் தெருவில் விரித்துப்போட வெட்கம்.

நான்காவது சுற்றின் வேகம் முடிந்த இடம், என் ஓரகத்தி வள்ளியக்காவின் வாசல்.

"என்னத்தா, எங்கிட்டு இம்புட்டு வேகமா போற?"

நின்றேன். "சும்மா நடக்கத்தான்க்கா" என்று சொல்லி முடிக்கவில்லை. வாசற்படியில் நெற்றி மோத விழுந்தேன்.

நான்கு தையல். இதயத்தில் புதிதாக ஒன்றுமில்லை என்றார் டாக்டரம்மா. அதற்குள் என் கணவர் வள்ளியக்காவிடம் கத்திவிட்டார். "ஒங்க வாய்க்குப் பயந்துதான் மதினி அவ நின்னா!" தவறு என்னுடையது என்று சொல்ல நான் போனபோது அக்கா கதவைத் திறக்கவில்லை.

கணவரிடம் சண்டை போட்டு மறுபடி தொடங்கினேன். பலன் உண்டு, மறைக்க மாட்டேன். நான்கு மாதத்தில் குடம் தூக்கினேன். கூடியிருந்த ரத்தச் சர்க்கரை இறங்கியது, தூக்கம் வந்தது. செத்த இடம் மட்டும் எக்கோவில் அப்படியே இருந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே ஓடக் கிளம்பாதீர்கள். டாக்டர் சோதித்துச் சொன்ன பிறகு போங்கள். போகுமுன் தெருவிலும் சொல்லிவையுங்கள்.

என்னை இப்போது யாரும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. நான் வருவது தெரிந்தால் வள்ளியக்கா உள்ளே போய்விடுவார். இந்த வலிக்கு மாத்திரை கிடையாது.

வேலைக்குத் திரும்பிய காலை பைய நடந்து, அவர் வாசலில் வேண்டுமென்றே நின்றேன்.

"அக்கா, வேலைக்குப் போறேன்."

பாதி சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "நிக்காதத்தா. நட, நட."

இரண்டு மாடியும் ஏறிவிட்டேன். உடன் வேலை செய்பவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. எனக்கு இனி எல்லாமே நிமிடக் கணக்குத்தான். வராந்தாவில் மெதுவாக இங்கிட்டும் அங்கிட்டும் நடந்தேன். இரண்டு நிமிடம் முடிகிறவரை வள்ளியக்காவின் குரல்தான் காதில் இருந்தது.