பெரியமுத்துவின் பக்கம்

பாண்டீஸ்வரன் கொச்சிக் கம்பெனி ஒன்றுக்கு, தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டில் உட்கார்ந்தபடியே புரோகிராம் எழுதுகிறவன். அது சோற்றுக்கு. தனக்கென்று எழுதியது வேறு. எஸ்டேட் ஆபீஸில் கிடந்த பழைய செக்ரோல்களை, அதாவது ஆள்பேர் பதிந்த வேலைப் புத்தகங்களை, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்தான். பேரைத் தட்டினால் எந்த வருடம், எந்தப் பக்கம் என்று காட்டும்படி ஒரு புரோகிராம் செய்தான். ஒரே முத்துவை நாலு விதமாக எழுதி வைத்த கிளார்க்குகளைத் திட்டிக்கொண்டே இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளை அதில் கொட்டினான்.

எல்லாம் தங்கை செல்வலட்சுமிக்காக. நர்சிங் சீட்டுக்கு ஜாதி சர்ட்டிபிகேட் வேண்டும். 1950-க்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்ததற்குத் தாள் கொண்டு வா என்று வில்லேஜ் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். மூன்று தலைமுறையாக இந்த மலையில் முதுகொடிந்தவர்களிடம் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்.

புரோகிராம் முப்பது குடும்பங்களுக்குப் பக்கம் கண்டுபிடித்துக் கொடுத்தது. எஸ்டேட் ஆபீஸ் அதில் முத்திரை போட்டுத் தந்தது, சர்ட்டிபிகேட்டும் வந்தது. அவனுடைய தாத்தா மட்டும் 1953-இல்தான் தலைகாட்டினார். எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்று ஒரு வாரம் புரோகிராமைக் குடைந்தான்.

கடைசியில் அப்பா வாயைத் திறந்தார்.

"தாத்தா நாப்பத்தேழுலயே வந்துட்டாருய்யா. காய்ச்சல்ல ஊருக்குப் போன பெரியமுத்து பேருலதான் கங்காணி அவர வேலைக்கு நிப்பாட்டுனான். அப்ப அதுதான் வழக்கம்."

பெரியமுத்து திரும்பி வந்த பிறகுதான் தாத்தாவுக்குச் சொந்தப் பேர் விழுந்ததாம். அடுத்தவன் பேரில் வேலை பார்த்தது வெளியே தெரிந்தால் கேஸாகிவிடும் என்று இத்தனை வருடம் மறைத்தார்களாம். பாண்டீஸ்வரனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. பெரியமுத்துவின் பக்கத்தை அவன் போன மாதமே எடுத்துக் கொடுத்திருந்தான், கீழ் லயத்தில் இருக்கும் பெரியமுத்துவின் பேத்திக்கு.

தனக்கு நர்சிங் சீட்டு கிடைத்த அன்று அந்தப் பேத்தி லட்டு டப்பாவோடு வாசலில் வந்து நின்றாள். செல்வலட்சுமி அண்ணனை உள்ளே இழுத்தாள்.

"அண்ணே, அந்தப் பக்கத்துல கொழுந்து சுமந்தது நம்ம தாத்தா. சொல்லிருவமா?"

நாற்பத்தேழுக்கு முந்தைய புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டது; இருக்கிற அந்தப் பக்கமும் பெரியமுத்துவுடையது இல்லை என்று சொன்னால் அவளுடைய சீட்டு போகும். இவளுக்கோ ஒரு தாளும் வராது. செத்துப்போன கங்காணியையா சாட்சிக்கு எழுப்ப முடியும்? பாண்டீஸ்வரன் வெளியே வந்து லட்டை வாங்கிக்கொண்டு, நல்லாப் படிம்மா என்றான்.

செல்வலட்சுமி வெளியே வரவில்லை. திங்கட்கிழமையிலிருந்து அவள் ஒரு ரிசார்ட்டில் மெத்தை விரிக்கப் போகிறாள்.